ஸ்பெயினில் நின்றுவிட்ட மனுசி

1

லண்டன் குளிரைப் பற்றி எழுதினால் ஊரில் இருக்கிற நீங்கள் இரங்குவதில்லை. "உங்களுக்கென்ன, வீடு முழுக்க ஹீட்டர்" என்றுதான் பதில் வருகிறது. உண்மைதான். இல்ஃபோர்டில் எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதைத் திருகுகிற அதிகாரம் என் கணவரிடம் இருக்கிறது. சபா நல்ல மனிதர், பேருந்து ஓட்டுகிறவர். ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருக்கிற காலையிலும், "இன்னொரு ஜம்பரைப் போடுமன்" என்பார். அவருக்கு வேலையில் ஹீட்டர் காலடியிலேயே இருக்கிறது.

எனக்கு வேலை பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்தது. குளிர்பெட்டியிலிருந்து ஃபிஷ் ஃபிங்கர் பெட்டிகளை எடுத்தெடுத்து, கடைசியில் என் விரல்களும் அப்படியே ஆகிவிட்டன. விறைப்பு, நிறம் எல்லாம் அதேதான். போன வருடம் வேலையை விட்டேன். வலி விடவில்லை. குளிர் தொடங்கினால் விரல் மடக்கிக் கை பொத்த முடியாது. போத்தல் மூடி திறக்க மகளைக் கூப்பிட வேண்டும், அவள் வருவதற்குள் பசி போய்விடும்.

டொக்டரோடு தொலைபேசியில்தான் பேசக் கிடைத்தது. சின்னப் பிள்ளையின் குரல். பேரசிட்டமோல் போடச் சொன்னான். பிறகு தன் மனச்சாட்சிக்காகவோ என்னவோ, "கொஞ்ச நாள் வெயில் உள்ள இடத்துக்குப் போய்வந்தால் நல்லது" என்றும் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சபாவும் கேட்டார். அவர் கேட்டால் நாதன் அண்ணையும் கேட்டமாதிரி.

நாதன் அண்ணை கணக்காளர். பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். அந்தப் பதவியில் அவர் எப்போது அமர்ந்தார் என்று சங்கத்தில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. எந்தக் கூட்டத்திலும் முதலாவதாக எழுந்து "சுருக்கமாகச் சொல்லுகிறேன்" என்று தொடங்கிக் கடைசியாக உட்காருகிறவர். அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் 'சூரியனைத் தேடி' என்று ஒரு குழு தொடங்கினார். நாதன் அண்ணை, அவருடைய மனைவி வசந்தி அக்கா, சபா, நான், எங்கள் மகள் அபி. ஐந்து பேர். பெப்ரவரியில் எங்கள் கல்யாண நாளும் வருகிறது, ஸ்பெயினின் தெற்குக் கரையில் கொண்டாடுவோம் என்று அறிவித்தார். அதுவும் கூடாரம் அடித்து.

"ஏனண்ணை கூடாரம்? ஹோட்டல் இல்லையே?" என்று கேட்டேன்.

"ஹோட்டல் எண்டால் அவையள் தாறதைத்தான் சாப்பிடவேணும் தங்கச்சி. காம்பிங் எண்டால் நாங்களே சமைக்கலாம்."

தமிழில் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது சமையல் நேரம் வந்தால்தான் தெரியும்.

2

வவுனியாவில் இருக்கிற என் தங்கச்சிக்குப் போன் எடுத்து, "அடுத்த கிழமை நாங்கள் காம்புக்குப் போறம்" என்று சொல்லிவிட்டேன்.

"என்னக்கா சொல்லுறாய்? எந்தக் காம்ப்? ஆர் பிடிச்சது?" என்று பதறினாள்.

அவளும் பிள்ளைகளும் கடைசிச் சண்டைக்குப் பிறகு முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர்கள். எங்கள் வயதுக்காரருக்குக் காம்ப் என்றால் இரண்டுதான் உண்டு, ஒன்று ஆமிக்காரன் இருப்பது, மற்றது அகதி இருப்பது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதில் இருக்க நாங்களே விமான டிக்கெட் எடுத்துப் போகிறோம் என்று விளங்கப்படுத்தக் கனநேரம் எடுத்தது. கடைசியில் அவள் சிரித்தாள். "வீடு வாசல் இருக்க, ஏன் கூடாரத்துக்குள்ளை போய்ப் படுக்கிறியள்?" என்று கேட்டாள். நான் நாதன் அண்ணையின் நம்பரைக் கொடுக்கவா என்றேன். வேண்டாம் என்றாள்.

மலகா விமான நிலையத்தில் இறங்கினோம். பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் பிரிந்த பிறகு எங்கள் பாஸ்போட்டுக்கு வேறு வரிசை. அது பாம்பாய் வளைந்து கிடந்தது. பக்கத்து வரிசையில் ஐரோப்பாக்காரர்கள் பெட்டியை உருட்டியபடி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். நாதன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"உதென்ன அநியாயம்? நாங்கள் பிரிட்டிஷ் சிட்டிசன்!"

பிரிய வேண்டும் என்று வாக்குப் போட்டவர் அவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து நாட்டை நிரப்புகிறார்கள் என்று அந்த நாட்களில் சங்கக் கூட்டத்தில் பேசினவர். தான் ஒரு லொறியின் பின்பக்கத்தில் எந்த எந்த நாட்டைக் கடந்து வந்தார் என்பதையும் அதே கூட்டத்தில், அதே மூச்சில், வீரக் கதையாகச் சொன்னவர்.

"டாட் ஆவது வாக்குப் போடேல்லை" என்று அபி என் காதுக்குள் சொன்னாள். சபா அன்றைக்கு ஷிப்டில் இருந்தார். கொள்கை என்று ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி நாதன் அண்ணையிடம் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டாள். அவர் கூடாரத்துக்கான பதிவைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள், பிறகு கோட்டும் சூட்டும் போட்டிருந்த அவரைப் பார்த்தாள்.

"பெப்ரவரியிலா?" என்றாள்.

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவரிடம் சுருக்கமான பதில் இருந்தது. "யெஸ்."

3

இடம் நல்ல இடம். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடலுக்கும் மலைக்கும் நடுவில், எலுமிச்சை மரங்களுக்குக் கீழே கூடாரங்களும், காரில் இழுத்துவருகிற கரவன் வீடுகளும். பகலில் எங்கள் ஊர்த் தை மாதத்துக் காலை வெயில் மாதிரி, உடம்பைத் தொட்டுக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும்.

எனக்கு அந்த வெயிலைப் பார்க்கத்தான் கிடைத்தது. காலையில் எழும்பினால் தேத்தண்ணி. பிறகு வசந்தி அக்கா ரொட்டிக்கு மாக் குழைப்பா, நான் சம்பல் இடிப்பேன். ஒற்றைக் காஸ் அடுப்பு, காற்றுப் பக்கம் பாயால் மறைத்துப் பிடிக்க ஒரு ஆள். அபி சைவம், அதிலும் பால் தொடாத சைவம், அவளுக்குப் புறம்பாக ஒரு சட்டி. மத்தியானத்துக்குச் சோறு கட்டவேண்டும், ஏனென்றால் வெளிச் சாப்பாட்டில் என்ன எண்ணெய் என்று தெரியாது. ஆண்கள் இரண்டு பேரும் மடக்குக் கதிரையில் இருந்து, இலங்கைப் பிரச்சினைக்கு என்ன தீர்வு என்று பேசினார்கள்.

நான் இளம்பெண்ணாய் இருந்தபோது ஷெல்லடிக்குப் பயந்து ஊரே ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போய் இருந்தோம். வெளியில் கல் வைத்துப் பெண்கள் சமைத்தார்கள். மரத்துக்குக் கீழே ஆண்கள் தீர்வு பேசினார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு, இத்தனை கடல் தாண்டி வந்தும், அடுப்பு எந்தப் பக்கம் தீர்வு எந்தப் பக்கம் என்பதில் ஒரு மாற்றமும் இல்லை. மரம்தான் வேறு.

"அம்மா, யூ ஆர் ஆன் ஹொலிடே. ஏன் குக் பண்ணுறீங்க?" என்று அபி கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் சட்டியைத் திறந்து பார்த்தாள். "இதுக்குள்ள கத்தரிக்காய் போடேல்லையா?"

அபிக்கு இருபத்தேழு வயது. ஒரு தொண்டு நிறுவனத்தில் பெண்களின் உரிமை பற்றிய பிரிவில் வேலை. வாடகை கட்டுப்படாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறாள்.

சுற்றிப் பார்ப்பதிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. கிரனாடாவில் பழைய முஸ்லிம் அரசர்களின் அரண்மனை இருக்கிறது, உலகமே வந்து பார்க்கிறது. நாங்களும் பார்த்தோம், கார் நிறுத்துகிற இடத்திலிருந்து. உள்ளே போவதற்கு முன்கூட்டியே பதிய வேண்டுமாம். 'சூரியனைத் தேடி' குழுவில் ஒரு நாளைக்கு நாற்பது செய்தி போட்ட தலைவருக்கு அதைப் பதிய நேரம் கிடைக்கவில்லை. மதிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். "உள்ளை பெரிசாய் ஒண்டுமில்லையாம்" என்றார் நாதன் அண்ணை. வாடகைக் காருக்குள் இருந்து புளிச்சோறு சாப்பிட்டோம்.

மறுநாள் ஜிப்ரால்டர். அது பிரிட்டனுக்குச் சொந்தமான ஒரு பாறை. சிவப்புத் தபால்பெட்டி இருக்கிறது, லண்டன் பொலிஸின் தொப்பி இருக்கிறது, நாங்கள் கிழமைக்கு ஒருக்கால் சாமான் வாங்குகிற மாதிரியே ஒரு கடையும் இருக்கிறது. ஆண்கள் இரண்டு பேரும் அதற்குள் போய் சந்தோசமாகச் சுற்றினார்கள். விலை பார்த்து, இல்ஃபோர்டில் மலிவு என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள். குரங்கொன்று வசந்தி அக்காவின் கையிலிருந்த வடையைப் பறித்துக்கொண்டு போனது. அந்தப் பயணத்தில் நான் சமைத்ததை முகம் சுளிக்காமல் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

4

எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரவன். அதில் மோரீன் என்ற ஆங்கிலக் கிழவி தனியாக இருந்தார். எண்பதுக்குக் கிட்ட வயது, கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும். கணவர் இருந்த காலத்திலேயே குளிர்காலத்துக்கு இங்கே வரத் தொடங்கி, அவர் செத்த பிறகும் தானே கரவனை இழுத்துக்கொண்டு வருகிறாராம். நான் சட்டி கழுவப் போகும்போது தினமும், "எப்போது நீ உட்காருவாய்?" என்று கேட்பார். நான் சிரித்துவிட்டுப் போவேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நாதன் அண்ணை காலையில் மலையைக் காட்டினார். உச்சி முழுக்க வெள்ளை.

"அங்கை ரோட்டாலேயே போகலாம். ஸ்னோவைத் தொட்டுப் பாத்திட்டு வரலாம்."

நான் மாக் குழைத்த கையோடு நிமிர்ந்தேன். "அண்ணை, நாங்கள் குளிருக்குத் தப்பியெல்லோ வந்தனாங்கள்?"

"அது வேறை தங்கச்சி. இது பாக்கிற குளிர்."

"நான் வரேல்லை" என்றேன்.

ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. உமக்குக் கை நோவெல்லோ, இரும் என்றார் சபா. அன்புதான். பின்னேரம் பசியோடு வருவோம் என்று வசந்தி அக்கா சொல்லிவிட்டுப் போனா. அதுவும் அன்புதான். கார் போனது.

அரிசியைக் கழுவ எடுத்தேன். எடுத்த பாத்திரத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு மோரீனின் கதிரைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். "ஆக, உனக்கு முழங்கால் மடங்கும்" என்றார் மோரீன்.

கையை மடியில் விரித்து வெயிலில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. மோரீன் பேசிக்கொண்டிருந்தார். முந்தி அப்டன் பார்க்கில் பிறந்து வளர்ந்தவராம். பிறகு அந்த இடம் 'மாறிவிட்டது' என்று எசெக்ஸுக்குப் போய்விட்டாராம். மாற்றியவர்களில் ஒருத்தி பக்கத்தில் இருப்பது அவருக்குத் தோன்றவில்லை.

"தெருவில் போனால் ஒரு வார்த்தை இங்கிலிஷ் காதில் விழாது. ஒரு நாட்டுக்கு வந்தால் அந்த நாட்டுப் பாஷையைப் படிக்க வேண்டாமா?"

"நீங்கள் எத்தனை வருடமாக ஸ்பெயினுக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பதினைந்து இருக்கும்."

"ஸ்பானிஷ் தெரியுமா?"

மோரீன் யோசித்தார். நன்றி சொல்லத் தெரியும், பியர் கேட்கத் தெரியும் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ மோசமான ஆள்" என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் சிநேகம் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

மத்தியானம் போல் தண்ணீர்ப் போத்தலை எடுத்து, பேச்சுக்கிடையில் மூடியைத் திறந்து குடித்தேன். குடித்த பிறகுதான் கவனித்தேன். ஒருவரையும் கூப்பிடாமல் திறந்திருக்கிறேன். கையைப் பொத்தினேன். பொத்துப்பட்டது. விரித்து, திரும்பவும் பொத்தினேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மோரீன் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல மனுசி.

பின்னேரம் கார் வந்தது. நால்வரும் இறங்கினார்கள், மூக்கெல்லாம் சிவந்து, நடுங்கிக்கொண்டு. நாதன் அண்ணையின் சப்பாத்து ஊறியிருந்தது. வசந்தி அக்கா மலையில் வழுக்கி விழுந்து எழும்பியிருக்கிறா.

"என்ன கறி?" என்று கேட்டார் சபா.

"ஒண்டும் சமைக்கேல்லை."

சபா கிட்ட வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சலே?"

"இல்லை. நல்லாய் இருக்கிறன்."

"அப்ப ஏன்?"

"வெயிலுக்கை இருந்தனான்."

நாதன் அண்ணை சுருக்கமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். வசந்தி அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கினார். முகாம் வாசலில் இருந்த கடையில் பாணும் சீஸும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அபிக்கு பாண் மட்டும்.

5

போவதற்கு முதல் நாள் கூடாரத்தை மடிக்கும்போது சொன்னேன்.

"நான் வரேல்லை. இன்னும் ஒரு மாதம் நிக்கப்போறன். காம்ப் அலுவலகத்திலை கேட்டனான், மரக் குடில் ஒண்டு தருவினமாம்."

"விசரே உமக்கு?" என்றார் சபா. கோபமாக இல்லை, நிசமாகவே சந்தேகம் கேட்கிறமாதிரி.

"கை பொத்துப்படுது. பாருங்கோ." காட்டினேன்.

"அதுக்கு? தனிய? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"எந்த ஆக்கள்?" என்றேன். நாதன் அண்ணை கூடாரக் கயிற்றைச் சுருட்டுவதில் திடீரென்று மிகவும் கவனமாக இருந்தார்.

அபி என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். உரிமைப் பிரிவல்லவா. அவள்தான் முதலில் பதறினாள்.

"அம்மா, யூ காண்ட் ஜஸ்ட் ஸ்டே! எனக்கு மண்டே ஒஃபிஸ். வீட்டிலை ஆர்..." என்று தொடங்கி நிறுத்தினாள். வசனத்தின் மிச்சம் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை. பாதுகாப்பு என்றாள், வயது என்றாள், காப்புறுதி என்றாள். எல்லாம் நல்ல காரணங்கள். என் உடுப்புகளை மடித்துக்கொண்டே கேட்டேன். "உனக்கு வோஷிங் மெஷினிலை எந்த பட்டன் எண்டு தெரியாட்டி, போன் எடு" என்றேன். அழுதுகொண்டு கடற்கரைப் பக்கம் போனாள். பின்னால் போகவேண்டும் போல் இருந்தது. இருந்தும் உடுப்பை மடிப்பதை நிறுத்தவில்லை.

சபா என்னோடு மரக் குடிலுக்கு வந்தார். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பூட்டினார். காஸ் குழாயை மோந்து பார்த்தார். கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு இழுத்தார். பேருந்தை எடுக்கமுதல் அப்படித்தான் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பாராம், நான் கண்டதில்லை.

"பூட்டிப்போட்டு ஒருக்கா இழுத்துப் பாரும்" என்றார்.

"ஓம்."

"கல்யாண நாள் இண்டைக்கு."

எனக்கும் மறந்துவிட்டது. கொண்டாட என்று வந்த நாள். இரண்டு பேரும் கட்டிலில் இருந்தோம். "வீட்டிலை உள்ள குளிருக்கு நான்தான் காரணமோ?" என்று கேட்டார். பாதிக் காரணம் என்றேன். மற்றப் பாதி கடவுள் என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் போகும்போது தன் தடித்த கம்பளி ஜம்பரைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் போனார்.

6

தனியாக இருந்தது எப்படி என்று கேட்பீர்கள். முதல் நாள் பயந்தேன். பிறந்த வீட்டில் ஒரு பாயில் மூன்று பேர். பிறகு கொழும்பில் விடுதி அறையில் நான்கு பேர். பிறகு கல்யாணம். தனியாக ஒரு கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. இழுத்தும் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து பயம் போய்விட்டது, அதற்கு வேலையில்லாமல் போயிருக்கவேண்டும். காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணி. ஒன்றே ஒன்று. அதைப் போட்டு அதை நானே குடிப்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தேன். கடற்கரையில் நடப்பேன். பசித்தால் சமைப்பேன். சில நாள் தோடம்பழமும் பாணும்.

இல்ஃபோர்டுக்காரரின் வாயில் அந்த நேரம் நான் கன வேலை செய்துகொண்டிருந்தேன், எனக்குத்தான் தெரியாது. முதலில் மனுசனோடு கோபித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடுத்த கிழமை பிரிந்துவிட்டோம். அதற்கு அடுத்த கிழமை ஒரு ஸ்பானியக்காரன் வந்துவிட்டான். கனடாவிலிருந்து சபாவின் தமக்கை போன் எடுத்து, "ஆரோ சூனியம் வைச்சிட்டினம், எலுமிச்சங்காய் வெட்டிப் போடு" என்றா. எலுமிச்சை மரத்துக்குக் கீழேதான் இருக்கிறேன் மச்சாள் என்றேன். வெயில் உள்ள இடத்தில் ஒரு பெண் கையைக் காட்டிக்கொண்டு இருக்கிறாள் என்று மட்டும் ஒருவரும் நம்பவில்லை. அது அவ்வளவு நம்பமுடியாத கதை.

சபா தினமும் வேலை முடிந்து எடுப்பார். முதலில், "எப்ப வாறீர்?" என்பார். பிறகு பருப்புக்கு எப்போது உப்புப் போடுவது என்று கேட்டார். ஒருநாள், அபி எல்லோருடைய உடுப்பையும் ஒன்றாகப் போட்டுத் தோய்த்து, தன் பேருந்து யூனிஃபோம் சட்டை ஊதா நிறமாகிவிட்டது, டிப்போவில் பகிடி பண்ணுகிறார்கள் என்றார். முறைப்பாடுதான். ஆனால் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. நாங்கள் அப்படிப் பேசிச் சிரித்துக் கனகாலம்.

மார்ச்சில் மோரீனுக்குக் கஷ்டம் வந்தது. முந்தி ஒக்டோபரில் வந்தால் சித்திரை வரை இருப்பாராம். இப்போது மூன்று மாதத்துக்கு மேல் பிரிட்டிஷ்காரர் நிற்கமுடியாது. மோரீன் விரல்விட்டு எண்ணியதில் எங்கோ பிழைத்துவிட்டது. தவணைக்கு மேல் சில நாட்கள் ஆகிவிட்டன. கப்பல் துறையில் பிடிப்பார்கள், இனி வரவிடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, கிழவி பாஸ்போட்டை விரித்து முத்திரைகளைத் திரும்பத் திரும்ப எண்ணத் தொடங்கினார். கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே இருக்க, ஆள் மட்டும் சுருங்கிப்போனார்.

"நீ இப்படியான அதிகாரிகளோடு பேசியிருக்கிறாயா?" என்று என்னைக் கேட்டார்.

பேசியிருக்கிறேனா? வந்த புதிதில் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தின் வாசலில் விடியற்காலைக் குளிரில் வரிசை நின்று, ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லி, ஒரு சொல் மாறினால் திருப்பி அனுப்புவார்களோ என்று பயந்த வருடங்கள் எத்தனை.

மோரீனைக் கதிரையில் இருத்தினேன். எதிரில் நான் அதிகாரியாய் இருந்தேன். "ஏன் தாமதம்?" என்று கேட்டேன். அவர் கணவர் செத்ததிலிருந்து தொடங்கினார்.

"வேண்டாம்" என்றேன். "கேட்டதுக்கு மட்டும் பதில். கதை சொல்லவேண்டாம், கதை சொன்னால் அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். சிரிக்கவேண்டாம். கோபிக்கவும் வேண்டாம். பிழை நடந்துவிட்டது, மன்னிக்கவேண்டும், அவ்வளவுதான்."

திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். பின்னேரம் வரை செய்தோம். நடுவில் ஒருக்கால் மோரீன் நிறுத்தி, "நீங்கள் எல்லோரும் இப்படித்தானா வந்தீர்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நாலாம் நாள் கப்பலிலிருந்து செய்தி அனுப்பினார். எச்சரித்து விட்டுவிட்டார்களாம். கடைசியில் எழுதியிருந்தார்: 'என்னை ஒரு வெளிநாட்டுக்காரி மாதிரி நடத்தினார்கள்.' வாழ்த்துகள் என்று பதில் அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, கவனமாகப் போய்ச் சேருங்கள் என்று அனுப்பினேன்.

7

சொன்னபடி நானும் வந்து சேர்ந்தேன். ஸ்டான்ஸ்டெட்டில் சபா நின்றார், ஊதாச் சட்டையோடு. வீட்டுக்குள் கால் வைத்தால் சூடாக இருந்தது. அபி ஒரு கறி வைத்திருந்தாள். உப்பு இல்லை. அதைச் சொன்னேன். சொல்லலாம் என்று பட்டது.

அடுத்த சனிக்கிழமை ஒரு கல்யாண வீடு. மண்டபத்துக்குள் நான் நுழைய, கதிரைகள் எல்லாம் ஒரு கணம் திரும்பின. கறுத்துப்போயிருந்தேன், அது வேறு. "கனகாலம் காணேல்லை, சுகமே?" என்று பெண்கள் கேட்டார்கள். ஸ்பானியக்காரன் எங்கே என்று கண் தேடியது. நாதன் அண்ணை மேடையில் மைக்கோடு வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தார், சுருக்கமாக.

கை கழுவுகிற இடத்தில் வசந்தி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா. கதையைப் பரப்பியதில் பெரிய பங்கு அவவுடையது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவவுக்கும் தெரியும். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டா.

"மாலா, அந்த மரக் குடில்... ஒரு ஆளுக்கெண்டாலும் குடுப்பினமோ?"

"குடுப்பினமக்கா."

"பயமில்லையே?"

"முதல் ரெண்டு நாள் பயம்."

அக்கா கையைக் கழுவினா, கழுவிய கையைத் திரும்பவும் கழுவினா. "இவருக்குச் சொல்லிப்போடாதை" என்று சொல்லிவிட்டுப் போனா. போய், நாதன் அண்ணைக்குத் தட்டில் சாப்பாடு எடுத்து வைத்தா.

காரில் வரும்போது சபா கேட்டார். "என்னவாம் வசந்தி அக்கா?"

"வெயில் எப்பிடி எண்டு கேட்டவ."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு, நேரே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வாற வருஷம் நானும் நிண்டால், உமக்கு இடைஞ்சலோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.